மொட்டைக் காசு

என் அக்கா புருஷனுக்கு எங்கள் தெருவில் பூதக்கண்ணாடி என்று பேர். கடையில் மீதிச் சில்லறை கொடுத்தால் எண்ணிப் பார்க்கமாட்டார். ஒவ்வொரு காசையும் திருப்பி, சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்து, வருஷத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பார். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். கடைக்காரர், "பெரியவரே, எல்லாம் செல்லுற காசுதான்" என்பார். மாமா காதில் போட்டுக்கொள்ளமாட்டார். அவர் தேடியது ஒரே ஒரு காசு. இருபத்தாறு வருஷம் தேடினார். கடைசியில் அது கண்ணில் பட்டபோது, படாமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிட்டது. அவருக்கு மட்டுமில்லை, எனக்கும்தான்.

மாமா நாணயச் சாலையில் வேலை பார்த்தவர். எங்கள் நாட்டில் காசு அடிக்கிற சாலைகள் மூன்று. மூன்றிலும் ஒரே காசைத்தான் அடிப்பார்கள். எது எங்கே அடித்தது என்று தெரிய, வருஷத்துக்குக் கீழே பொடியாக ஒரு குறி இருக்கும். எங்கள் ஊர்ச் சாலைக்கு ஒரு குட்டி வைரம், அதாவது சாய்த்து வைத்த சதுரம். துறைமுக ஊர்ச் சாலைக்கு ஒரு புள்ளி. தலைநகரத்துச் சாலைக்கு ஒன்றுமே கிடையாது. பெரிய இடம், தன்னை யாரென்று சொல்லிக்கொள்ளத் தேவையில்லை என்று நினைத்துவிட்டார்கள்போல.

அந்த வைரத்தை வைப்பதுதான் மாமாவின் வேலை. ஒவ்வொரு காசிலும் இல்லை, காசை அடிக்கிற எஃகு அச்சில். படமும் வருஷமும் பொறித்த அச்சு தலைநகரத்திலிருந்து வரும். குறி வைக்கிற இடம் வெறுமனே இருக்கும். மாமா அந்த இடத்தில் உளிமுனையை வைத்துச் சின்னச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டுத் தட்டுவார். பிறகு அச்சு உலைக்குப் போய் இறுகி, அங்கிருந்து இயந்திரத்துக்குப் போகும். ஒரு அச்சு லட்சக்கணக்கில் காசு அடிக்கும். அவர் கை ஒரு மயிரிழை இடப்பக்கம் சாய்ந்தால், ஊரே அந்தச் சாய்வைப் பையில் போட்டுக்கொண்டு திரியும்.

"உன் பர்ஸ்ல இருக்கிறதுல பாதி என் கை பட்டது, பாப்பா" என்று என்னிடம் சொல்லுவார். எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது, இன்னும் அவருக்கு நான் பாப்பாதான்.

கண்ணளவில் வைக்கவேண்டும், அச்சில் கோடு கீடு எதுவும் போடக்கூடாது என்பது அங்கே சட்டம். அச்சில் விழுந்த கீறல் அத்தனை காசிலும் எழும்பி நிற்கும். மற்றவர்கள் கண்ணளவில்தான் வைத்தார்கள். மாமா மட்டும் நீல மையைத் தடவி, ஊசிமுனையால் மயிர் மாதிரி ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டின் மேல் வைரத்தைத் தட்டிவிட்டு, எண்ணெய்க்கல்லால் கோட்டைத் தேய்த்து அழித்துவிடுவார். அவர் வைத்த குறி மட்டும் ஏன் இவ்வளவு நேராக இருக்கிறது என்று மேலதிகாரிகளே வியப்பார்களாம். சாலைக்குள் அந்த ரகசியம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று மாமா. இன்னொன்று என் அண்ணன்.

அண்ணன் அதே பகுதியில் அச்சு தூக்குகிறவன். மாமாதான் வேலை வாங்கிக் கொடுத்தார், அதை எங்கள் வீட்டில் ஒருவரும் மறக்க அவர் விட்டதில்லை. காலையில் பூட்டறையிலிருந்து அச்சுகளை எடுத்து வந்து மேஜையில் வைக்கவேண்டும். குறி வைத்து முடிந்ததை மாமா தட்டில் வைப்பார். தட்டோடு உலைக்குக் கொண்டுபோகவேண்டும். அவ்வளவுதான் அவன் வேலை. மாலையில் வெளியே வரும்போது செருப்பைக் கழற்றி, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, பையை வெளியே இழுத்துக் காட்டிவிட்டுத்தான் வாசலைத் தாண்ட முடியும். காசு அடிக்கிறவன் கையில் காசு இருக்கக்கூடாது. மாமாவும் மச்சினனும் ஒரே வரிசையில் பையை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு நிற்பதைச் சொல்லிச் சொல்லி அக்கா சிரிப்பாள். சிரித்த காலம் அது.

ஒரு நாள் குறியில்லாத அச்சு ஒன்று இயந்திரத்துக்குப் போய்விட்டது. இருபது காசு அச்சு. மறுநாள்தான் கண்டுபிடித்தார்கள். அடித்ததையெல்லாம் அள்ளி உருக்கினார்கள். ஆனால் இரண்டு மூட்டை அதற்குள் வங்கிக்குப் போயிருந்தது. குறியில்லாவிட்டால் தலைநகரத்துக் காசு என்று விட்டுவிடலாமே என்று நான்கூடக் கேட்டேன். அந்த வருஷம் தலைநகரத்தில் இருபது காசு அடிக்கவேயில்லையாம். ஆகவே அந்த வருஷத்தைப் போட்டு, கீழே மொட்டையாக ஒரு இருபது காசு இருந்தால், அது எங்கள் ஊரில் யாரோ ஒருவர் செய்த தப்பு. வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

விசாரணை நடந்தது. "அந்த அச்சு என் மேஜைக்கே வரல. தூக்குறவன் பூட்டறையில இருந்து நேரா உலைக்குக் கொண்டு போயிருக்கான்" என்றார் மாமா. "மேஜையில வெச்சேன், தட்டுல இருந்துதான் எடுத்தேன்" என்றான் அண்ணன். இரண்டு பேரும் அதற்குமேல் பேசவில்லை. அச்சைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. கெட்டுப்போன அச்சை அன்றைக்கே நொறுக்கி உருக்கிவிடுவது வழக்கம். மாமாவுக்கு அனுபவம் பதினெட்டு வருஷம், அண்ணனுக்கு மூன்று. அண்ணனை அனுப்பிவிட்டார்கள்.

வேறு எந்த வேலை போனாலும் மனுஷனுக்கு வேலை மட்டும்தான் போகும். நாணயச் சாலையிலிருந்து அனுப்பினால், கையும் களவுமாகப் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் ஊர் பேசும். அண்ணனுக்கு நிச்சயம் செய்திருந்த பெண்ணின் அப்பா ஒரு வாரத்தில் வந்து, உட்காராமலே பேசிவிட்டுப் போனார். போகும்போது எங்கள் அலமாரியை ஒரு பார்வை பார்த்தார். மூட்டை மூட்டையாக உள்ளே இருக்கிறது என்று நினைத்திருப்பார். அந்த ஆளை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

மாமா வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். பொய்யென்றால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் நிஜமாகவே நம்பினார். தன் கை மறக்கும் என்பது அவர் மண்டையில் ஏறவேயில்லை. கோடு விஷயத்தை விசாரணையில் சொல்ல முடியாது, சொன்னால் அவர் வேலைக்கே ஆபத்து. ஆனால் வீட்டில் சொன்னார். "அந்த அச்சு என் மேஜைக்கு வந்திருந்தா என் கோடு அதுல இருந்திருக்கும். கோடு போடாம நான் உளியையே எடுக்கமாட்டேன். அதுல அடிச்ச ஒரு காசைக் கொண்டுவந்து காட்டுங்க. கோடு இருந்தா உங்க அண்ணன் கால்ல விழுறேன்."

முதல் வருஷம் இதை ஆத்திரத்தில் சொன்னார். பிறகு பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார். அண்ணன் அந்த வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். அக்கா பெற்ற இரண்டு பிள்ளைகளும் தாய்மாமனைத் தூரத்திலிருந்து பார்த்தே வளர்ந்தார்கள். நான் இரண்டு வீட்டுக்கும் போய்வந்தேன். யார் பக்கமும் பேசாமல் இருப்பது பெரிய நியாயம் என்று எனக்கு ஒரு நினைப்பு. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. கண்ணில் பார்த்ததைத்தான் எழுதவேண்டும், நினைப்பதை எழுதக்கூடாது என்று பழகியவள். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தேன்.

மாமா பகுதித் தலைவராக உயர்ந்து, மாலை, சுவர்க் கடிகாரம், பேச்சு எல்லாவற்றோடும் ஓய்வு பெற்றார். அதன் பிறகுதான் காசு சேர்க்கிறவர்கள் அவரைக் கண்டுபிடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாலைந்து பேர் வந்துவிடுவார்கள். நோட்டுப் புத்தகம் வைத்த பள்ளிக்கூட வாத்தியார், மோட்டார் கடைக்காரர், பல் டாக்டர். எது அசல் குறி, எது பிற்பாடு ஒட்ட வைத்தது, எதில் குறியைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள் என்று மாமா காட்டுவார். சுரண்டினால் அந்த இடம் பளபளக்கும். ஒட்டினால் ஓரத்தில் பள்ளம் தெரியும். அச்சில் பிறந்த குறி தோலில் மச்சம் மாதிரி, எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார். இல்லையென்று சொன்னால் என் வாய் அழுகிவிடும்.

மொட்டைக் காசு என்று அந்த இருபது காசுக்குப் பேர் வைத்திருந்தார்கள். அதன் விலையைக் கேட்டு அக்கா உட்கார்ந்துவிட்டாள். மாமா ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கதையைச் சொல்லுவார். "தூக்குற ஆளோட அஜாக்கிரதை. மூணு வருஷ சர்வீஸ். பொறுப்பு கிடையாது." அந்த ஆள் யாரென்று சொல்லமாட்டார். அக்கா டம்ளர்களை எடுக்க வரும்போது குரலைக் கொஞ்சம் தணிப்பார், அவ்வளவுதான். என் அண்ணனின் வாழ்க்கை டீயோடு கடித்துக்கொள்ள ஒரு துணுக்காகிப்போனது. எனக்கு வயிறு எரியும். எரிந்துகொண்டே டீயைக் குடித்துவிட்டு வருவேன்.

காசு சேர்க்கிறவர்கள் வருஷா வருஷம் ஒரு விவரப் புத்தகம் போடுகிறார்கள். மாமா அதை வாங்கியதே இல்லை. "அச்சைத் தொட்டவனுக்கு எதுக்குப் புத்தகம்?"

போன மாதம் பல் டாக்டர் ஒரு மொட்டைக் காசை வாங்கிவிட்டார். முதலில் மாமாதான் பார்க்கவேண்டும், பார்த்து அசல் என்று இரண்டு வரி எழுதித் தரவேண்டும் என்றார். அவருடைய ஆஸ்பத்திரி எங்கள் பரிசோதனை நிலையத்துக்கு மேல்மாடிதான். மதியம் நோயாளிகள் இல்லாத நேரம், நானும் கூடப் போனேன்.

வெளிச்சம் நன்றாக விழும் இடம் அதுதான் என்று மாமா பல் பிடுங்குகிற நாற்காலியிலேயே ஏறி உட்கார்ந்தார். டாக்டர் விளக்கை இழுத்துத் தணித்தார். சாமான் வைக்கிற தட்டில், கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் அந்தக் காசு. ஒரு குடும்பத்தையே கெடுத்தது இத்துனூண்டா என்று எனக்குத் தோன்றியது.

மாமா லென்ஸைக் கண்ணில் வைத்தார். வெகுநேரம் கண்ணிலிருந்து அதை விலக்கவேயில்லை. அப்புறம் எடுத்து, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி வைத்தார். மறுபடி துடைத்தார். மூன்றாவது தடவை பார்க்கும்போது அவருடைய வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானாகச் சேர்ந்து, இடமிருந்து வலமாக ஒரு சின்ன இழுப்பு இழுத்தன. ஊசிமுனையால் கோடு போடுகிற இழுப்பு. எத்தனை தடவை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அதைச் செய்து காட்டியிருக்கிறார்.

"சுத்தமா இருக்கு. ஒண்ணும் இல்ல" என்றார்.

குறி இல்லை என்று சொல்கிறார் என டாக்டர் எடுத்துக்கொண்டு, சந்தோஷமாகத் தாளையும் பேனாவையும் நீட்டினார். மாமா எழுதிக் கையெழுத்துப் போட்டார். கை கழுவவேண்டும் என்று உள்ளே போனார்.

"டாக்டர், நானும் ஒரு தடவை பார்க்கட்டுமா?"

டாக்டர் தன் லென்ஸைக் கொடுத்தார். முப்பது வருஷமாக ஒரு சொட்டு ரத்தத்தில் பொடி விஷயங்களைத் தேடி எடுக்கிறவள் நான். வருஷத்துக்கு அடியில் மயிரை ஒட்டி வைத்த மாதிரி ஒரு கோடு எழும்பி நின்றது. நேர்க்கோடு. வைரம் உட்காரவேண்டிய இடத்துக்கு நடுவாக, இரண்டு பக்கமும் சமமாக நீண்டிருந்தது.

"கீழ ஏதோ கோடு தெரியுது."

"அதுவா? அது எல்லா மொட்டைக் காசுலயும் இருக்கும்மா" என்றார் டாக்டர். "அது இருந்தாத்தான் அசல். புத்தகத்துலயே போட்டிருக்கு. எதனால வந்ததுன்னுதான் யாருக்கும் தெரியல. சாரைக் கேக்கணும்."

நான் லென்ஸை அவர் கையில் கொடுத்துவிட்டேன். ஊரில் காசு சேர்க்கிறவனுக்கெல்லாம் அந்தக் கோடு தெரிந்திருக்கிறது. அதன் அர்த்தம் தெரிந்த வீட்டில் மட்டும் தெரியவில்லை.

பஸ்ஸில் மாமா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்குவதற்கு இரண்டு நிறுத்தம் இருக்கும்போது, "கோடு இல்ல, பார்த்தியா" என்றார். அவர் கை கழுவப் போன நேரத்தில் நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரியாது. வாயைத் திறந்தால் பஸ்ஸிலேயே கத்திவிடுவேன் என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அக்கா துவைத்த போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். மாமா செருப்பைக் கழற்றினார்.

"இருந்துச்சா?" என்று அக்கா கேட்டாள். அவரைப் பார்த்துக் கேட்கவில்லை, போர்வையைப் பார்த்துக் கேட்டாள்.

"இல்ல. நான்தான் அன்னைக்கே சொன்னேனே."

"இருக்கு அக்கா" என்றேன். "நான் பார்த்தேன்."

அக்கா தன் முனையை என் முனையோடு கொண்டுவந்து சேர்த்தாள். "எவ்ளோ நீளம்?"

"ஒரு அரிசி நீளம்கூட இல்ல."

"அவ்ளோதானா" என்றாள். போர்வையை என் கையிலிருந்து வாங்கி இன்னொரு மடிப்பு மடித்தாள்.

"அது ஏதோ கீறல்" என்றார் மாமா. "அச்சுல கீறல் விழுறது சகஜம். யார் கைலயும் விழும்."

"உங்க கைல விழாதுன்னுதானே இருபத்தாறு வருஷமா சொன்னீங்க" என்றேன்.

அக்கா போர்வையை அலமாரியில் வைத்துவிட்டு வந்து எதிரே நின்றாள். "கோடு இருந்தா கால்ல விழுறேன்னு சொன்னீங்க. கால்ல எல்லாம் விழவேண்டாம். ஒரு நாள் அவனை வீட்டுக்கு வரச் சொல்லுங்க. நீங்க கூப்பிட்டா வருவான்."

"இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு?" என்றார். குழாயடிக்குப் போய் லென்ஸைக் கழுவித் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு அக்கா அழவில்லை. எழுபது வயதுக்காரரோடு இனிமேல் என்ன சண்டை போடுவது என்று அவள் சொன்னது எனக்கு அழுகையைவிட மோசமாக இருந்தது.

அண்ணன் சரக்குக் கிடங்குகள் இருக்கிற சாலையில் லாரி எடைமேடையில் வேலை பார்க்கிறான். கண்ணாடி வைத்த ஒற்றை அறை, ஒரு மின்விசிறி, எண்கள் ஓடுகிற பெட்டி. மறுநாள் காலை லீவு சொல்லிவிட்டு ஓடினேன். நல்ல சேதி கொண்டு போகிறேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. கேட்டதும் அவன் உட்கார்ந்து அழுவான், நான் தோளைத் தொடுவேன், என்னவெல்லாமோ யோசித்துக்கொண்டு போனேன்.

ஜன்னலுக்கு வெளியே நின்றபடியே சொன்னேன். "அண்ணா, மொட்டைக் காசைப் பார்த்துட்டேன். கோடு இருக்கு."

"எந்தக் கோடு?"

"மாமா போட்ட கோடு. அந்த அச்சு அவர் மேஜைக்கு வந்திருக்கு. நீ வெச்சிருக்கே."

மணல் லாரி ஒன்று வந்தது. அண்ணன் எண்ணைப் பார்த்து, சீட்டு எழுதி, கிழித்து, ஜன்னல் வழியாக டிரைவரிடம் கொடுத்தான். லாரி போன பிறகுதான் என் பக்கம் திரும்பினான்.

"நான் வெச்சது எனக்குத் தெரியாதா, சின்னு?"

அவனே சொன்னான், கோபமே இல்லாமல். "கோடு போட்டாரு. உளியைக் கையில எடுத்தாரு. மேனேஜர் ரூம்ல இருந்து கூப்பிட்டாங்க, புரமோஷன் லெட்டர். உளியை வெச்சுட்டுப் போனாரு. சிரிச்சுக்கிட்டே வந்தாரு. வந்து, மேஜையில இருந்ததை எல்லாம் தட்டுல அடுக்கிட்டாரு. நான் கொண்டு போனேன். குறி இருக்கா இல்லையான்னு பார்க்கிறது என் வேலை இல்ல."

"கோடு விஷயத்தை நீ விசாரணையில சொல்லியிருக்கலாமே."

"சட்டத்தை மீறிக் கோடு போடுறாருன்னு சொன்னா அவரையும் வெளிய அனுப்பியிருப்பாங்க. அக்காவுக்கு ரெண்டும் கைக்குழந்தை."

"எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொன்னேனே. மேஜையில வெச்சேன்னு சொன்னேன். உன்கிட்டயும் சொன்னேன், நம்ம வீட்டுச் சமையலறையில. நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. 'யாருக்குத் தெரியும், ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க' என்று சொன்னேன். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கு அது ரொம்பப் பக்குவமான பேச்சு என்று நினைத்தேன்.

"இப்போ ஒரு காசு சொல்லுது, உடனே நம்பிட்டே, ஓடி வந்துட்டே" என்றான் அண்ணன். "நான் சொன்னப்போ உனக்கு அந்தக் காசு தேவைப்பட்டுச்சு, இல்லையா?"

மனசுக்குள் மாமாவையே இருபத்தாறு வருஷமாகக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்த எனக்கு, என் பங்கு என்ன என்று ஒருநாளும் தோன்றவில்லை. அவர் தன் கையை நம்பினார். நான் என் அண்ணனைக்கூட நம்பவில்லை.

பின்னால் அடுத்த லாரி ஹாரன் அடித்தது. அண்ணன் பேனாவை எடுத்துக்கொண்டான்.

"கொஞ்சம் தள்ளி நில்லு, சின்னு. மேடை மேல கால் வெச்சிருக்கே. எடை தப்பாக் காட்டும்."

நான் காலை எடுத்துக்கொண்டேன். லாரி ஏறி நின்றது. அவன் எண்ணைப் பார்த்து எழுத ஆரம்பித்தான்.